திருட்டு முழியும் 44 லட்சம் சோதனைகளும்: நியூயார்க்கில் கறுப்பின ஆண்கள் ஏன் வழிமறிக்கப்பட்டார்கள்?

2011-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் 14 முதல் 24 வயதுக்குட்பட்ட கறுப்பின ஆண்கள் 1,58,406 பேர். அதே ஆண்டில் அந்த வயதுக் கறுப்பின ஆண்களைப் போலீசார் தெருவில் நிறுத்தி விசாரித்த தடவைகள் 1,68,126. ஊரில் இருக்கும் பிள்ளைகளின் தலைக்கணக்கை விட, அவர்களை வழிமறித்த கணக்கு பெரியது. போலீஸ் பதிவுகளையும் மக்கள்தொகைக் கணக்கையும் அருகருகே வைத்து இதை வெளியிட்டது நியூயார்க் சிவில் லிபர்ட்டீஸ் யூனியன் என்ற உரிமை அமைப்பு.

அமெரிக்கக் கறுப்பின ஆண் ஒருவர் போலீசிடம் மாட்டிய செய்தி வரும்போதெல்லாம் தமிழ் வாசகர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். குற்றம் அதிகம் நடக்கிற பகுதியில் போலீஸ் சோதனை போடுவதில் என்ன தவறு? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். பதிலை அடைய, அங்குள்ள சட்டம் போலீசுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் நான்கு சொற்கள்

1. ரேசியல் புரொஃபைலிங்: ஒருவர் என்ன செய்தார் என்று பாராமல், எந்த இனத்தவராகத் தெரிகிறார் என்பதை வைத்து அவரைச் சந்தேகிப்பது. 'ஆறடி உயரம், சிவப்புச் சட்டை, கறுப்பினத்தவர், இந்தக் கடையில் திருடிவிட்டு ஓடினார்' என்று சாட்சி சொல்லி, அந்த அடையாளத்தோடு போலீஸ் தேடினால் அது இதில் சேராது. சாட்சி யாரும் இல்லாத இடத்தில் தோலின் நிறத்தையே சாட்சியாக எடுத்துக்கொள்வதுதான் ரேசியல் புரொஃபைலிங்.

2. வலுவான முகாந்திரம்: அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் 1791 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் உடலையோ வீட்டையோ உடைமையையோ காரணமின்றிச் சோதிக்கக் கூடாது என்கிறது அது. கைதுக்கும் முழுமையான சோதனைக்கும் வலுவான முகாந்திரம் வேண்டும்.

3. நியாயமான சந்தேகம்: முகாந்திரத்துக்கு ஒரு படி கீழே உள்ள அளவுகோல். 'சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது' என்று தீர்ப்புகளில் வருகிறதே, அது வேறு. தெருவில் நிற்கும் போலீஸ்காரர், தான் கண்ட குறிப்பான ஒன்றைப் பிறகு நீதிபதியிடம் எடுத்துச் சொல்ல முடிய வேண்டும். 'எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை' என்பது போதாது.

4. தடவிச் சோதித்தல்: ஆயுதம் இருக்கிறதா என்று உடைக்கு மேலாகக் கையால் தடவிப் பார்ப்பது. அவர் ஆயுதம் வைத்திருக்கிறார், ஆபத்தானவர் என்று நினைக்கக் காரணம் இருந்தால் மட்டுமே இதற்கு அனுமதி. அதாவது நிறுத்துவதற்கு ஒரு காரணம் வேண்டும். தடவுவதற்குத் தனியாக இன்னொன்று வேண்டும். நடைமுறையில் முதலில் கரைந்துபோனது இந்த இரண்டாவது காரணம்தான்.

ஒரு கடை ஜன்னலில் தொடங்கிய சட்டம்

மூன்றாவதும் நான்காவதும் 1791-இல் பிறந்தவை அல்ல. 1963 அக்டோபர் 31 அன்று ஒஹையோ மாநிலம் கிளீவ்லாந்தில் மார்ட்டின் மெக்ஃபாடன் என்ற துப்பறியும் அதிகாரி ரோந்தில் இருந்தார். கறுப்பின ஆண்கள் இருவர் மாறி மாறி ஒரே கடையின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதைக் கவனித்தார். பத்து முறைக்கு மேல் இது நடந்தது. கொள்ளைக்கு நோட்டம் விடுகிறார்கள் என்று கணித்து, அருகில் போய்த் தடவிப் பார்த்தார். இருவரிடமும் துப்பாக்கி இருந்தது. கைதுக்குப் போதிய முகாந்திரம் இல்லாமல் நடந்த இந்தச் சோதனை செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1968-இல் 'டெர்ரி எதிர் ஒஹையோ' வழக்கில் எட்டு நீதிபதிகள் செல்லும் என்றார்கள்.

எதிர்த்தவர் ஒருவர், வில்லியம் டக்ளஸ். சோதனைக்கு வாரண்ட் தரும் நீதிபதிக்கே இல்லாத அதிகாரத்தைத் தெருவில் நிற்கும் போலீஸ்காரரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பது அவரது வாதம். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி எர்ல் வாரனும் இதைச் சின்ன விஷயமாகக் கருதவில்லை. பொது இடத்தில் ஒருவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தி உடலைத் தடவுவது பெரும் அவமானத்தையும் ஆழ்ந்த கசப்பையும் உண்டாக்கும், அதை லேசாகச் செய்யக் கூடாது என்று தீர்ப்பிலேயே எழுதினார். போலீசில் ஒரு பகுதியினர் தங்களைத் தொல்லைப்படுத்துவதாகக் கறுப்பின மக்கள் சொல்லிவந்த புகாரும் அதில் இடம்பெற்றது.

மெக்ஃபாடன் நின்று நிதானமாகக் கவனித்தார் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் வந்த தீர்ப்புகள் வாசலை இன்னும் அகலமாக்கின. சிறு போக்குவரத்து விதிமீறல் ஒன்று உண்மையாகவே இருந்தால், போலீஸ்காரரின் உள்நோக்கம் வேறாக இருந்தாலும் வண்டியை நிறுத்தியது செல்லும் என்றது 1996-இல் வந்த ஒரு தீர்ப்பு. குற்றம் மிகுந்த பகுதியில் போலீசைப் பார்த்ததும் ஒருவர் ஓடினால் அதையும் சந்தேகக் கணக்கில் சேர்க்கலாம் என்றது 2000-இல் வந்த இன்னொன்று.

படிவத்தில் ஒரு டிக்

1999 பிப்ரவரி 4 அன்று, கினியா நாட்டிலிருந்து வந்திருந்த 23 வயது அமாடு டியாலோ, பிராங்க்ஸ் பகுதியில் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். சாதாரண உடையில் வந்த நான்கு போலீசார் அவரைத் தேடப்படும் ஆள் என்று நினைத்தார்கள். அவர் எடுத்தது பர்ஸ். அவர்கள் கண்ணுக்கு அது துப்பாக்கி. 41 குண்டுகள் சுட்டார்கள், 19 அவர் மீது பாய்ந்தன. நால்வரும் மறு ஆண்டு விடுவிக்கப்பட்டார்கள்.

ஊர் கொதித்தது. வழக்குப் போடப்பட்டது. 2003-இல் நகர நிர்வாகம் சமரசத்துக்கு வந்து, இன அடிப்படையில் யாரையும் நிறுத்த மாட்டோம் என்று எழுத்தில் கொள்கையும் வகுத்தது. அந்தக் கொள்கை தாளில் இருந்த ஆண்டுகளில்தான் எண்ணிக்கை விண்ணுக்கு ஏறியது. 2002-இல் 97,296 ஆக இருந்த தெருச் சோதனைகள் 2011-இல் 6,85,724. தடவினாலும் தடவாவிட்டாலும், ஒருவரை நிறுத்தி விசாரித்தாலே இந்தக் கணக்கில் அது ஒரு சோதனை.

எப்படி ஏறியது? ஒவ்வொரு சோதனைக்கும் யூஎஃப்-250 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். காரணங்கள் அதில் கட்டங்களாக அச்சிடப்பட்டிருக்கும். பொருந்துவதில் டிக் போட்டால் போதும். அதிகம் டிக் வாங்கிய கட்டங்களில் ஒன்றைத் தமிழில் சொல்வதென்றால் 'திருட்டு முழி'. மறைவான அசைவுகள், கள்ளத்தனமான நடவடிக்கை. மற்றொன்று 'குற்றம் மிகுந்த பகுதி'. திருட்டு முழி என்றால் என்ன என்று நீதிமன்றத்தில் போலீஸ்காரர் ஒருவரைக் கேட்டார்கள். திரும்பித் திரும்பிப் பார்ப்பது, பாக்கெட்டில் கைவிட்டு எடுப்பது, இடுப்பு பெல்ட்டைச் சரிசெய்வது, நடக்கும் திசையை மாற்றுவது, கொஞ்சம் பதற்றமாக இருப்பது என்று பட்டியல் நீண்டது. குளிர்காலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் எந்த மனிதனும் இதில் மூன்றையாவது செய்வான்.

எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து அழுத்தம் இருந்ததாகப் போலீஸ்காரர்களே சாட்சி சொன்னார்கள். மெக்ஃபாடன் கடைத்தெருவில் நின்று கவனித்த நேரத்தில் இங்கே பல படிவங்கள் நிரம்பியிருக்கும்.

கணக்கு என்ன சொல்கிறது

இந்தச் சோதனைகளை எதிர்த்து 2008-இல் தொடுக்கப்பட்ட வழக்கு 'ஃபிளாய்ட் எதிர் நியூயார்க் நகரம்'. மனுதாரர் டேவிட் ஃபிளாய்டுக்கும் 2020-இல் மினியாபொலிஸில் கொல்லப்பட்ட ஜார்ஜ் ஃபிளாய்டுக்கும் தொடர்பில்லை. டேவிட் பிராங்க்ஸில் குடியிருந்தவர். அதே வீட்டின் இன்னொரு பகுதியில் இருந்தவர் சாவி இல்லாமல் வெளியே மாட்டிக்கொண்டதால், சாவிக்கொத்து ஒன்றைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பூட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு புகும் திருடர்கள் என்று போலீசார் இருவரையும் பிடித்து நிறுத்தினார்கள்.

நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் 2013 ஆகஸ்ட் 12 அன்று அளித்த தீர்ப்பில், 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரையிலான பதிவுகளைத் தொகுத்துக் காட்டினார்.

1. மொத்தச் சோதனைகள் 44 லட்சம். அவற்றில் 52 சதவீதம் கறுப்பினத்தவர், 31 சதவீதம் லத்தீன் வம்சாவளியினர், 10 சதவீதம் வெள்ளையர். 2010 கணக்குப்படி நகர மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 23 சதவீதம், லத்தீன் வம்சாவளியினர் 29, வெள்ளையர் 33.

2. சோதனைகளில் 88 சதவீதம் கைதிலும் முடியவில்லை, சம்மனிலும் முடியவில்லை. ஏறத்தாழ 39 லட்சம் தடவை 'சரி, போ' என்று அனுப்பியிருக்கிறார்கள்.

3. பாதிக்கு மேற்பட்டவர்கள் தடவிச் சோதிக்கப்பட்டார்கள். அவர்களில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதத்தில்தான். ஆயுதம் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால்தானே தடவவே முடியும்? நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் அந்தக் காரணம் பொய்த்தது.

4. கறுப்பினத்தவரை நிறுத்தியபோது ஆயுதம் கிடைத்தது 1.0 சதவீதம். வெள்ளையரை நிறுத்தியபோது 1.4 சதவீதம்.

நான்காவது எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஓர் எளிய கற்பனைக் கணக்கு போடலாம். நம்மூர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் ஏறுகிறார். பின்பக்கத்துப் பயணிகள் மேல் அவருக்கு ஒரு கண். நாள் முழுக்கப் பின்பக்கத்தில் 100 பேரைச் சோதித்து, டிக்கெட் இல்லாத 5 பேரைப் பிடிக்கிறார். முன்பக்கத்தில் 10 பேரை மட்டும் கேட்டு ஒருவரைப் பிடிக்கிறார். மாலையில் டிப்போவில், 'பிடிபட்ட ஆறு பேரில் ஐந்து பேர் பின்பக்கத்துக்காரர்கள், நான் சந்தேகப்பட்டது சரிதானே' என்று கணக்குக் காட்டுகிறார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் பின்பக்கத்தில் நூற்றுக்கு 5 பேர், முன்பக்கத்தில் நூற்றுக்கு 10 பேர். அவருடைய சந்தேகமே அவருடைய ஆதாரத்தையும் தயாரித்துவிட்டது. நாளைக்கு இன்னும் தீவிரமாகப் பின்பக்கமே போவார்.

எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்பதை விட்டு, சோதித்தவர்களில் எத்தனை சதவீதத்தில் ஏதாவது கிடைத்தது என்று பார்ப்பதை ஆய்வாளர்கள் விளைவுச் சோதனை என்கிறார்கள். ஓர் இனத்தவரிடம் அந்த சதவீதம் குறைவாக இருந்தால், அவர்களை நிறுத்த லேசான சந்தேகமே போதும் என்று போலீஸ் நினைத்திருக்கிறது என்று பொருள்.

நகர நிர்வாகத்தின் முக்கிய வாதம் இது: புகார் கொடுப்பவர்கள் சொல்லும் குற்றவாளி அடையாளங்களில் கறுப்பின ஆண்கள் அதிகம், அந்த விகிதத்தில்தான் நிறுத்துகிறோம். மேயர் மைக்கேல் புளூம்பெர்க் 2013 ஜூனில் வானொலியில் ஒரு படி மேலே போய், வெள்ளையரைத்தான் அளவுக்கு மீறி நிறுத்துகிறோம், சிறுபான்மையினரைக் குறைவாக நிறுத்துகிறோம் என்றார். நீதிபதியின் மறுப்பு எளிமையானது. நிறுத்தப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் எந்தக் குற்றத்தோடும் சம்பந்தப்படாதவர்கள். குற்றமற்றவர்கள் கூட்டத்துக்குக் குற்றவாளிகளின் இன விகிதத்தை எப்படிப் பொருத்த முடியும்? ஒரு தெருவில் ஒருவன் திருடன் என்பதால், அவன் நிறத்தில் அந்தத் தெருவில் நடக்கும் ஆயிரம் பேரும் அவனுடைய குற்றத்தில் பங்குதாரர்கள் ஆகிவிடுவதில்லை.

சோதனையைக் குறைத்தால் கொலை பெருகும் என்று எச்சரித்தார்கள். 2011-இல் 515 கொலைகள். 2013-இல் 335. சோதனைகள் 11,629 ஆகச் சுருங்கிய 2017-இல் கொலைகள் 292. சோதனை குறைந்ததால் கொலை குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1990-இல் 2,200-க்கு மேல் இருந்த எண்ணிக்கை பல காரணங்களால் ஏற்கெனவே இறங்கிவந்தது. ஆனால் சொல்லப்பட்ட பேரழிவு வரவில்லை என்பது உறுதி. 2019 நவம்பரில் புரூக்ளின் தேவாலயம் ஒன்றில் புளூம்பெர்க் மன்னிப்புக் கேட்டார்.

போலீஸ் சீருடை இல்லாத சந்தேகம்

நகர வாழ்வில் கறுப்பின ஆணைச் சந்தேகிப்பது போலீஸ் மட்டுமல்ல. அவரைக் கண்டதும் கைப்பையை இறுக்குபவர், லிஃப்ட்டில் ஏறாமல் நிற்பவர், கையை நீட்டினாலும் நிறுத்தாமல் போகும் டாக்சி எல்லாம் இதன் அன்றாட முகங்கள். நடிகர் டேனி குளோவர் 1999-இல் நியூயார்க் டாக்சிகள் தன்னை ஏற்ற மறுத்ததாகப் புகார் கொடுத்த பிறகே நிர்வாகம் டாக்சிகள் மீதான கண்காணிப்பைத் தீவிரமாக்கியது. செயலி வந்தால் தீரும் என்று நினைத்தார்கள். 2016-இல் வெளியான ஆய்வில், பாஸ்டனில் கறுப்பினத்தவர் என்று தோன்றும் பெயரில் ஊபர் சவாரி கேட்டவர்களுக்கு ஓட்டுநர்கள் ரத்துசெய்தது மற்றவர்களைப் போல இரு மடங்குக்கும் மேல்.

வேலை தேடும் இடத்தில் இன்னும் கொடுமை. சமூகவியலாளர் டெவா பேஜர் 2003-இல் வெளியிட்ட மில்வாக்கி ஆய்வில், ஒத்த தகுதியுள்ள இளைஞர்கள் வேலை கேட்டு அலைந்தார்கள். சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளை இளைஞர்களுக்கு 17 சதவீத இடங்களிலிருந்து மறு அழைப்பு வந்தது. எந்த வழக்கும் இல்லாத கறுப்பின இளைஞர்களுக்கு 14 சதவீதம்.

தனிமனிதரின் பயம் போலீஸ் நடவடிக்கையாக மாறுவது ஒரு தொலைபேசி அழைப்பில். 2018 ஏப்ரலில் பிலடெல்பியா ஸ்டார்பக்ஸ் கடையில் கறுப்பின ஆண்கள் இருவர் ஒரு தொழில் சந்திப்புக்காக, ஒன்றும் வாங்காமல் காத்திருந்தார்கள். மேலாளர் போலீசை அழைத்தார். கைவிலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள். 'புகார் வந்தது, போனோம்' என்று போலீஸ் சொல்லும்போது, அழைத்தவரின் மனத்திலிருந்த நிறப்பயம் காகிதத்தில் முறைப்படியான புகாராகிவிடுகிறது.

இந்தியர்கள் இதை வேடிக்கை பார்க்கும் தூரத்தில் இல்லை. 2015 பிப்ரவரியில் குஜராத்திலிருந்து பேரனைப் பார்க்க வந்த 57 வயதுக்காரர், அலபாமா மாநிலம் மேடிசனில் மகன் வீட்டுத் தெருவில் காலையில் நடந்துகொண்டிருந்தார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் சுற்றுகிறான் என்று யாரோ போலீசுக்குச் சொன்னார்கள். ஆங்கிலம் தெரியாத அவரைப் போலீஸ்காரர் தரையில் வீழ்த்தியதில் கழுத்துப் பகுதி முதுகெலும்பு அடிபட்டு உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. அழைத்தவர் கண்ணில் அவர் கறுப்பினத்தவர். அமெரிக்கப் புறநகரில் வீடு வாங்கி, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் 'யாரோ ஒரு பிளாக் ஆள் நிற்கிறான், ஜாக்கிரதை' என்று எழுதும் நம்மவர்கள் அந்தப் பெரியவரை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மடியில் கனம் இல்லாதவனின் பயம்

இனி இரண்டாவது கேள்வி. கனம் இல்லாவிட்டாலும் பயம் வருவதற்கு வரலாறு உண்டு. 1713-இல் நியூயார்க் நகரமே ஒரு சட்டம் போட்டது: 14 வயதுக்கு மேற்பட்ட கறுப்பின, பூர்வகுடி அடிமைகள் இருட்டிய பின் விளக்கில்லாமல் தெருவில் நடமாடக் கூடாது. விளக்கு அவர்கள் வழி பார்க்க அல்ல, மற்றவர்கள் அவர்களைப் பார்க்க. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்கு மாநிலங்களில் வேலையில்லாமல் திரிந்தார்கள் என்றே கறுப்பின ஆண்களைப் பிடித்துப் போட்டார்கள். பிறப்பை வைத்தே குற்றவாளி என்று ரேகை பதிய வைத்த ஆங்கிலேயர் காலச் சட்டம் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் என்ன செய்தது என்று அறிந்தவர்களுக்கு, இந்தச் சந்தேகத்தின் கனத்தை விளக்கத் தேவையில்லை.

அதனால்தான் கறுப்பினக் குடும்பங்களில் மகன் தோளுக்கு மேல் வளர்ந்ததும் அப்பா உட்கார வைத்துப் பேசுகிறார். போலீஸ் நிறுத்தினால் கை இரண்டும் ஸ்டீயரிங் மேல் தெரியும்படி இருக்கட்டும். பாக்கெட்டில் கைவிடும் முன் சொல்லிவிட்டு விடு. குரலை உயர்த்தாதே. ஓடாதே. பையன் ஒரு தப்பும் செய்யாதவன் என்பது அப்பாவுக்குத் தெரியும். டியாலோ எடுத்தது பர்ஸ்தான் என்பதும் தெரியும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பயந்தால் பதற்றம் தெரியும். பதற்றம் திருட்டு முழி. பயந்து ஓடினால் ஓடியதே காரணம். மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் இதை நேராகவே எடுத்துக்கொண்டது. பாஸ்டனில் ஒரு கறுப்பின ஆண் போலீசைக் கண்டு விலகி ஓடினால், குற்றத்தை மறைக்க ஓடினார் என்பதைப் போலவே, மறுபடி நிறுத்தப்படும் அவமானத்தைத் தவிர்க்க ஓடினார் என்றும் கருத இடமுண்டு என்றது. இந்த விஷயத்தில் நான் படித்த தீர்ப்புகளில் தெருவில் நடப்பவனின் பக்கம் நின்று யோசித்தது இது.

எது மாறியது, எது மாறவில்லை

ஷைண்ட்லின் தீர்ப்பு சோதனையைத் தடை செய்யவில்லை. நடந்த விதம் நான்காவது திருத்தத்தையும், சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் பதினான்காவது திருத்தத்தையும் மீறியது என்று சொல்லி, கண்காணிப்பாளரை நியமித்து, சில பகுதிகளில் போலீசார் உடலில் கேமரா அணிந்து பார்க்க உத்தரவிட்டது. அடுத்து வந்த மேயர் பில் டி பிளாசியோ மேல்முறையீட்டைக் கைவிட்டார். எண்ணிக்கை சரிந்தது. நிறுத்தப்படுவோரில் கறுப்பின, லத்தீன் வம்சாவளி மக்களின் பங்கு மட்டும் இறங்கவில்லை.

கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் செய்தது சிறியது, ஆனால் கவனிக்கத்தக்கது. சோதனைப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள்: இவரைக் குறிப்பிட்ட குற்றத்தோடு இணைக்கும் முன்தகவல் உண்டா, இல்லையா? ஒரே ஆண்டில் சோதனைகள் சுமார் 32,000-இலிருந்து 19,000 ஆயின. அக்கம்பக்கத்தினருக்கான நெக்ஸ்ட்டோர் செயலியும் 2016-இல் இதே வழியில் போனது. சந்தேக நபர் பற்றி எழுதுபவர் இனத்தைக் குறிப்பிட்டால், உடை, காலணி, தலைமுடி போன்ற வேறு அடையாளங்களையும் எழுதியாக வேண்டும். தட்டுவதற்கு முன் ஒரு கணம் நிற்க வைத்தார்கள், அவ்வளவுதான். நிறத்தை மட்டும் சொல்லும் பதிவுகள் பெருமளவு குறைந்தன.

நியூயார்க்கில் 2024 ஜனவரியில் இந்த விவகாரம் மறுபடி செய்திக்கு வந்தது. நியாயமான சந்தேகம் வரை போகாத சாதாரண விசாரணை நிறுத்தங்களையும் போலீஸ் பதிவு செய்ய வேண்டும் என்று நகர சபை கொண்டுவந்த சட்டத்தை மேயர் எரிக் ஆடம்ஸ் தடுத்தார். ஜனவரி 26 இரவு, யூசெஃப் சலாம் என்ற சபை உறுப்பினரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. 1989 சென்ட்ரல் பார்க் வழக்கில் செய்யாத குற்றத்துக்காக 15 வயதில் பிடிபட்டு, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சிறையில் இருந்து, 2002-இல் தண்டனை ரத்தானவர் அவர். அப்போது சபையின் பொதுப் பாதுகாப்புக் குழுத் தலைவர். காரில் மனைவி பிள்ளைகள். தான் யார் என்று சொன்னார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதாகவும் பிறகு சொன்னார். போலீஸ்காரர் காரணம் சொல்லாமல், பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். கார்க் கண்ணாடியின் கருமை அனுமதித்த அளவைத் தாண்டியதே காரணம் என்று துறை பிற்பாடு அறிவித்தது.

நான்கு நாள் கழித்து நகர சபை மேயரின் தடையை முறியடித்துச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி போலீஸ்காரர் அத்தகைய நிறுத்தத்திலும் நிறுத்தப்பட்டவரின் இனம், வயது, நிறுத்தியதற்கான காரணம் போன்றவற்றை எழுதிவைக்க வேண்டும்.